பழுதான பாஸ்போர்ட்டோடு பயணம் போகலாமா? உவர்மலை வீடொன்றின் மூன்று புத்தகங்கள்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு மாதிரிக் குடும்பம். திருகோணமலையில் பல வீடுகளில் காண்பதை ஒன்றாகக் கோத்து அமைத்தது. வீடு உவர்மலையில். தகப்பனுக்கு 64 வயது, துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். தாய்க்கு 58. மகனுக்கு 31, கட்டாரில் வேலை, விடுமுறையில் வந்து நிற்கிறார். பெற்றோர் இருவரும் ஐந்து வாரத்தில் பலாலியிலிருந்து திருச்சிக்குப் பறக்கவேண்டும். சொந்தத்தில் ஒரு கல்யாணம், அந்தப் போக்கிலேயே தாயின் முழங்காலை ஒரு வைத்தியரிடம் காட்டுவது என்று திட்டம். மகன் மூன்று வாரத்தில் கட்டுநாயக்கவிலிருந்து தோஹா திரும்பவேண்டும்.

மூவரின் கடவுச்சீட்டும் காலாவதியாகவில்லை. மூன்றுமே பழுது.

முடிவை முதலே சொல்லிவிடலாம். தகப்பனுடையதை மாற்றத் தேவையில்லை. தாயுடையதை மாற்றவேண்டும். மகனுடையதைக் கட்டாயம் மாற்றவேண்டும். மேசையில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் இதற்கு நேர்மாறாகவே சொல்வார். தகப்பனுடையது பார்க்கவே பரிதாபம், மகனுடையது ஏறக்குறையப் புதிது மாதிரி. ஆனால் பார்வைக்கு மோசமான புத்தகமும் செல்லுபடியாகாமல் போகக்கூடிய புத்தகமும் ஒன்றல்ல. தேய்வு எந்த இடத்தில், எந்த வகையில் இருக்கிறது என்பதே கணக்கு.

முதலில் தடுப்பவர் யார்?

குடிவரவு அதிகாரிதான் தடுப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்கு முன்னால் விமான நிறுவனத்தின் கவுண்டர் இருக்கிறது. போய்ச் சேரும் நாடு ஒரு பயணியை உள்ளே விட மறுத்தால், அவரைத் திரும்ப ஏற்றிவரும் பொறுப்பு கொண்டுபோன நிறுவனத்தின் தலையில் விழும். பல நாடுகள் அதற்கு மேலே அபராதமும் விதிக்கின்றன. ஆகவே சந்தேகமான புத்தகத்தை நீட்டும் பயணிக்குக் கவுண்டரில் இருப்பவர் தாராள மனம் காட்டக் காரணமே இல்லை. அவர் ஏற்றாமல் விட்டால் நிறுவனத்துக்கு நட்டம் ஒன்றுமில்லை, ஏற்றிவிட்டால்தான் நட்டம் வரலாம். "போனமுறை விட்டார்களே" என்பது இங்கே எடுபடாத வாதம். போனமுறை பார்த்தவர் வேறு ஆள், அன்றைக்கு இருந்த வெளிச்சம் வேறு, அந்த வாசிப்பு இயந்திரமும் வேறு.

தகப்பனின் புத்தகம்

அட்டையில் பொன்னிற எழுத்து முழுவதும் போய்விட்டது. மூலைகள் நான்கும் மடிந்து பஞ்சாகிவிட்டன. பின்பக்கக் கால்சட்டைப் பையில் வைத்து வைத்துப் புத்தகமே வில்லாக வளைந்திருக்கிறது. எழுத்து போனதற்கு அலைச்சலைவிட, மேலே போட்டிருந்த பிளாஸ்டிக் உறையே பெரிய காரணம். மலிவான உறைகளை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் வெக்கையில் கசிந்து, பொன்னிற முலாமைத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். உறையைக் கழற்றினால் எழுத்து உறையின் உட்புறத்தில் தலைகீழாகத் தெரியும்.

இதெல்லாம் சாதாரணத் தேய்வு. அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் தன் நாட்டு மக்களுக்குச் சொல்லும் வழிகாட்டலில்கூட, பையில் வைத்து வளைவதும் அடிக்கடி திறந்து பக்கங்கள் விரிந்துபோவதும் சேதத்தில் சேராது. தண்ணீர் பட்டது, பெரிய கிழிசல், படமும் பெயரும் அச்சான தரவுப் பக்கத்தில் கிறுக்கல், வீசாப் பக்கம் இல்லாமல் போனது என்பவையே சேதம். எங்கள் புத்தகத்துக்கு அந்த வழிகாட்டல் சட்டமில்லை. ஆனாலும் கவுண்டரில் நிற்பவர்கள் உலகெங்கும் ஏறக்குறைய இந்த மனக்கணக்கோடுதான் பார்க்கிறார்கள்.

தகப்பனுடையதில் பார்க்கவேண்டியிருந்தவை மூன்று மட்டும். பக்க எண்கள் ஒன்றும் விடாமல் வரிசையாக இருக்கின்றனவா, நடுப்பக்கத்தில் தையல் நூல் இறுக்கமாக இருக்கிறதா, தரவுப் பக்கம் தெளிவா. மூன்றும் சரி. செல்லுபடிக் காலம் இன்னும் 14 மாதம் கிடக்கிறது, இந்தியா கேட்பது 6 மாதம். வெறும் பக்கம் இரண்டு வேண்டும், ஆறு இருக்கிறது. உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வளைவு நிமிர இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே ஒரு வாரம் வைத்தால் போதும். இவருடையதை இப்போதே மாற்றுவது வீண் செலவு.

தாயின் புத்தகம்

அலுமாரிக்குள் சேலைகளுக்கு நடுவே பத்திரமாக இருந்த புத்தகம் இது. பதினெட்டு மாதம் யாரும் திறக்கவில்லை. திறந்தபோது தரவுப் பக்கத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஒளிபுகும் படலம் வலது கீழ் மூலையில் கழன்றிருந்தது. ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. அதனடியில் தேயிலைக் கறை போல மங்கலான ஒரு கோடு.

கடலோர வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் காகிதம் காய்ந்து சுருங்கும், மாரிமழையில் ஈரம் குடித்து உப்பும். படலம் அதே அளவுக்குச் சுருங்குவதுமில்லை, உப்புவதுமில்லை. வருடா வருடம் இந்த இழுபறி நடந்தால் முதலில் விட்டுக்கொடுப்பது மூலைதான். காற்றோட்டமில்லாத அலுமாரியும் பிளாஸ்டிக் உறையும் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கின்றன. பத்திரமாக வைத்ததே கெடுத்துவிட்டது என்று தாய் நொந்துகொள்வதில் நியாயம் உண்டு.

இந்த மூலை எதற்காக முக்கியம்? தரவுப் பக்கத்தின் அடியில் இரண்டு வரி ஓடுகிறது, ஒவ்வொன்றிலும் 44 எழுத்து. இயந்திரம் வாசிப்பது இந்த வரிகளையே. இரண்டாம் வரியில் கடவுச்சீட்டு எண், நாட்டின் குறியீடு, பிறந்த திகதி, பால், காலாவதித் திகதி ஆகியவை வரும். எண்ணுக்குப் பின்னும் ஒவ்வொரு திகதிக்குப் பின்னும் ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கும். வரியின் கடைசியில், அதாவது வலது கீழ் மூலையில், எல்லாவற்றையும் சேர்த்துச் சரிபார்க்கும் இலக்கம் ஒன்று இருக்கிறது. தாயின் புத்தகத்தில் படலம் கழன்றது சரியாக அதன் தலைக்கு மேல்.

சரிபார்ப்பு இலக்கம் வேலைசெய்யும் விதம் எளிது. எழுத்துகளுக்கும் பெறுமதி உண்டு, 'என்' என்ற ஆங்கில எழுத்துக்கு 23. ஒவ்வொரு இடத்தையும் 7, 3, 1 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, 10ஆல் வகுத்து மீதியை எடுப்பார்கள். 'என்' எழுத்தோடு 1234567 என்ற எண் இருந்தால் கூட்டுத்தொகை 267, சரிபார்ப்பு இலக்கம் 7. இதில் 1 என்பதை இயந்திரம் 7 என்று வாசித்துவிட்டால் கூட்டுத்தொகை 285 ஆகிவிடும், மீதி 5. பொருந்தவில்லை என்று இயந்திரம் மறுக்கும். ஒரேயொரு இலக்கம் மங்கினாலும் முழு வாசிப்பும் விழுவது இதனால்தான். அப்போது அதிகாரி கையால் அடிக்கவேண்டும், அடிக்கும் முன் புத்தகத்தை உற்றுப் பார்ப்பார். உற்றுப் பார்த்தால் கழன்ற படலம் கண்ணில் படும். படலம் கழன்ற தரவுப் பக்கம் எங்கே போனாலும் ஒரே சந்தேகத்தைத்தான் கிளப்பும்: யாரோ படத்தை மாற்றப் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இரண்டு. ஒன்று, இருட்டான அறையில் கைபேசி டோர்ச்சைப் பக்கவாட்டில், பக்கத்தோடு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்கவேண்டும். கழன்ற இடம் வெள்ளிபோல் மின்னும். நேராகப் பார்த்தால் தெரியாத குமிழ்களும் தெரியும். இரண்டு, கடவுச்சீட்டை கமராவால் வாசிக்கும் வசதி பல விமான நிறுவனங்களின் செயலிகளில் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் அதைக் காட்டிப் பார்க்கலாம். ஓரிரு தடவையில் வாசித்தால் வரிகள் பரவாயில்லை. ஆனால் விமான நிலைய இயந்திரம் அகச்சிவப்பு ஒளியிலும் பார்க்கிறது என்பதை நினைவில் வைக்கவேண்டும். அந்த வரிகள் அகச்சிவப்பை உறிஞ்சும் மையில் அச்சானவை. நீலப் பேனாக் கீறல் ஒன்று வரியில் விழுந்தால் கண்ணுக்கு மறைத்தாலும் பெரும்பாலும் இயந்திரத்துக்கு மறைக்காது. பென்சில் கரி மறைக்கும். எனவே கைபேசியில் தேறியது என்பது நல்ல அறிகுறி, அவ்வளவுதான். நகத்தால் மூலையைக் கிளப்பிப் பார்க்கும் மூன்றாவது சோதனை ஒன்றை எல்லோரும் செய்கிறார்கள். அது சோதனை அல்ல, சேதம்.

திருத்தும் ஆசை இங்கேதான் வரும். சுப்பர் குளூ ஒரு துளி, அல்லது துணி போட்டு மெல்ல ஸ்திரிக்கைப் பெட்டி, அல்லது மேலே செலோடேப். மூன்றும் தேய்ந்த புத்தகத்தைத் திருத்தப்பட்ட புத்தகமாக்கிவிடும். பசை படலத்தின் பாதுகாப்புக் கோலத்தை வெண்மையாக்கும், வெப்பம் படலத்தைச் சுருட்டும், டேப் புறஊதா விளக்கில் தனியாகத் தெரியும். பழுதுக்கு விளக்கம் சொல்லலாம், கைவைத்ததற்குச் சொல்ல முடியாது.

மாற்றுவது என்று முடிவானதும் அடுத்த கேள்வி வரிசை. தாய் இன்னும் இந்திய வீசாவுக்கு விண்ணப்பிக்கவில்லை, அது பெரிய அதிர்ஷ்டம். வீசா கடவுச்சீட்டு எண்ணோடு கட்டப்பட்டது. பழைய எண்ணில் எடுத்துவிட்டுப் புத்தகத்தை மாற்றினால் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு இடத்திலும் கதை சொல்லவேண்டிவரும், அல்லது புதிதாக விண்ணப்பிக்கவேண்டிவரும். புத்தகம் முதலில், வீசா பிறகு. டிக்கட் வேண்டுமானால் முன்னரே எடுக்கலாம், அதற்குப் பெயர்தான் முக்கியம். கடவுச்சீட்டு எண்ணைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். முழங்கால் வைத்தியமும் திட்டத்தில் இருப்பதால், சுற்றுலா வீசாவா மருத்துவ வீசாவா என்பதையும் விண்ணப்பிக்கும் முன்னரே தீர்மானிக்கவேண்டும்.

பெயர் விஷயத்தில் எங்கள் ஆட்கள் அடிபடுவது அதிகம். பழைய கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது. தகப்பன் பெயர் ஒன்றில் முன்னெழுத்தாக, மற்றதில் முழுதாக. கணவர் பெயர் ஒன்றில் மட்டும். புதுப் புத்தகம் கேட்கும்போது இந்த முரண்கள் எல்லாம் ஒரே மேசையில் சந்திக்கும். தாய் செய்யவேண்டியது, மூன்று ஆவணத்தையும் பக்கத்தில் வைத்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுவது. வித்தியாசம் இருந்தால் அதற்கான விவாகச் சான்றிதழோ சத்தியக்கடதாசியோ கையோடு இருக்கவேண்டும். அடையாள அட்டை மங்கியிருந்தால் அதை முதலில் புதுப்பிக்கவேண்டும். அடையாள அட்டை தரும் ஆட்பதிவுத் திணைக்களமும், கடவுச்சீட்டு தரும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் இருக்கும் பத்தரமுல்லை சுஹுருபாய கட்டடத்தில்தான் இருக்கிறது என்பது கொழும்புக்குப் போகிறவர்களுக்குச் சிறிய ஆறுதல்.

கையில் இருக்கவேண்டியவை: கே 35 ஏ விண்ணப்பப் படிவம், பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியும் நகலும், அடையாள அட்டையும் நகலும், பழைய கடவுச்சீட்டும் அதன் தரவுப் பக்க நகலும், தேவையானால் விவாகச் சான்றிதழ். சேதத்துக்கு விளக்கமாக ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டு போவது நல்லது. எங்கே வைத்திருந்தீர்கள், எப்போது கண்டீர்கள், நீங்களாக ஒன்றும் ஒட்டவில்லை. மூன்று வரி போதும். படத்தைக் குடிவரவுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில் எடுக்கவேண்டும். அவர்களே படத்தை இணையவழியில் அனுப்பிவிட்டு ஒரு சீட்டுத் தருவார்கள், விண்ணப்பத்தோடு கொடுக்கவேண்டியது அந்தச் சீட்டை. தாய்க்கு 58 என்பதால் கைரேகையும் கொடுக்கவேண்டும். 2015இல் தொடங்கிய இந்த நடைமுறை 16 முதல் 60 வயது வரையானவர்களுக்கு. சமையலிலும் சலவைத்தூளிலும் ரேகை தேய்ந்த விரல்களுக்கு முதல் நாள் இரவு தேங்காயெண்ணெய் தடவி, காலையில் நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு போனால் வாசிப்பு எளிதாகும்.

எங்கே போவது? திருகோணமலையில் குடிவரவுத் திணைக்களத்தின் கிளை இல்லை. தலைமையகம் பத்தரமுல்லையில். கண்டி, மாத்தறை, குருநாகல், வவுனியா என்று கிளைகள் இருந்தன, 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணமும் சேர்ந்தது. திருகோணமலைக்காரருக்கு ஆகக் கிட்ட இருப்பது ஹொரவப்பொத்தானை வழியே வவுனியா. காலையில் பஸ் ஏறி அன்றே திரும்பலாம். இணையவழியில் விண்ணப்பித்து, தெரிவுசெய்யப்பட்ட பிரதேச செயலகத்தில் கைரேகை கொடுக்கும் முறையும் 2023இல் வந்தது. 2024இல் வெற்றுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, பத்தரமுல்லையில் இரவிரவாக வரிசை நின்றதும், அதன்பின் நாளை முன்பதிவு செய்யும் முறை வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். நடைமுறை அடிக்கடி மாறும் விஷயம் இது. எந்தக் கிளையில் எந்தச் சேவை, நாள் முன்பதிவு வேண்டுமா, இன்றைய கட்டணம் என்ன என்பவற்றைத் திணைக்கள இணையத்தளத்தில் அல்லது 1962 என்ற இலக்கத்தில் உறுதிசெய்யாமல் பஸ் ஏறவேண்டாம்.

ஐந்து வாரம் என்பது நீளமாகத் தோன்றும். பறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் சுருங்கிவிடும். இந்திய இணைய வீசாவுக்குக் குறைந்தது 4 நாள் முன்னதாக விண்ணப்பிக்கவேண்டும், திருத்தம் கேட்டால் இன்னும் போகும். அதற்கு ஒரு வாரம் ஒதுக்கினால் மிஞ்சுவது நான்கு. சாதாரண சேவையை நம்புவதென்றால் இன்றே கொடுத்தாகவேண்டும். அடையாள அட்டை, பெயர் என்று ஏதாவது ஒன்று இழுபட்டால் ஒருநாள் சேவைக்குக் காசைக் கட்டிவிடுவதே மேல். அந்தக் காசை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு டிக்கட்டைத் தொலைப்பது கணக்கல்ல.

மகனின் புத்தகம்

ஜீன்ஸ் பையில் கிடந்தபடியே சலவை இயந்திரத்துக்குள் போய் வந்தது. காய்ந்தபின் பக்கங்கள் கொஞ்சம் நெளிந்திருக்கின்றன. இரண்டு முத்திரையின் மை பரவியிருக்கிறது. மற்றப்படி சுத்தமாக, தெளிவாக, மூன்றிலும் வடிவான புத்தகம். வரிகள் கைபேசியில் முதல் தடவையே வாசிக்கின்றன. "இதில் என்ன பிழை?" என்று மகன் கேட்பது இயல்பு.

பிழை சலவைத்தூளில். கடவுச்சீட்டுக் காகிதம் புறஊதா ஒளியில் மந்தமாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதில் பதித்த இழைகளும் மறைவான அச்சும் மட்டும் ஒளிரும். சலவைத்தூளில் வெண்மையைக் கூட்டும் ஒளிர்பொருள் இருக்கிறது. அது காகிதத்தில் ஊறிவிட்டால் முழுப் பக்கமும் புறஊதா விளக்கில் நீல வெள்ளையாக மின்னும். கடையில் வாங்கும் சாதாரண வெள்ளைத்தாளும் அப்படித்தான் மின்னும். அதனாலேயே போலிப் புத்தகத்தைப் பிடிக்க அதிகாரி முதலில் பார்ப்பது அந்த மினுக்கத்தை. உண்மையான புத்தகம் போலியின் அடையாளத்தோடு நிற்கிறது. பகலில் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. காசுத்தாள் சோதிக்கும் சிறிய புறஊதா விளக்கு பல கடைகளில் உண்டு. அதன் கீழ் ஒருமுறை பிடித்தால் மகனுக்கே விளங்கிவிடும்.

வெறும் தண்ணீரில் நனைந்த புத்தகம் இதைவிடத் தேவலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நனைந்தவை பல. அதற்கும் முறை இருக்கிறது. நிமிர்த்தி விசிறிபோல் விரித்து, பக்கங்களுக்கிடையில் வெள்ளை டிஷ்யூ வைத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்தவேண்டும். வெயிலும் தலைமுடி உலர்த்தியும் படலத்தைச் சுருட்டிவிடும். ஆனாலும் சேற்று வெள்ளக் கறை தரவுப் பக்கத்தில் ஏறியிருந்தால் அதுவும் மாற்றவேண்டியதே.

மகனின் சிக்கல் எண் மாறுவதில்தான் இருக்கிறது. கட்டார் வதிவிட அட்டை, கம்பனிப் பதிவேடு, வங்கி, இங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவு எல்லாமே பழைய எண்ணைச் சுமக்கின்றன. மூன்று வாரம்தான் இருக்கிறது என்பதால் இவருக்கு ஒருநாள் சேவை. பத்தரமுல்லைக்குப் போகும் முன்பே கம்பனியின் மனிதவளப் பிரிவுக்கு எழுதி, புது எண் வந்தவுடன் அங்கே பதிவைத் திருத்துவது யார், எத்தனை நாளாகும் என்று எழுத்தில் கேட்டுவைக்கவேண்டும். பயணத்தில் பழைய புத்தகம், புதிய புத்தகம், வதிவிட அட்டை மூன்றும் கைப்பையில் இருக்கவேண்டும், பெட்டியில் அல்ல. திகதி நெருக்கினால் டிக்கட்டைச் சில நாள் தள்ளலாம். கட்டாரில் வதிவிட அனுமதி உள்ளவர் 6 மாதத்துக்கு மேல் வெளியே நின்றால்தான் அனுமதிக்கு ஆபத்து. வேலைக்குத் திரும்பும் நாளைக் கம்பனியோடு பேசிச் சில நாள் நீட்டுவது, கட்டுநாயக்கவில் ஏற்றாமல் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

பழுதான புத்தகத்தைத் தொலைந்துபோனதாகச் சொல்லி விண்ணப்பித்தால் கேள்வி குறையும் என்று ஒரு யோசனை ஊரில் உலவுகிறது. வேண்டவே வேண்டாம். தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாடு வேண்டும், அது பொய் முறைப்பாடாகிவிடும். தொலைந்ததாகப் பதிவான எண்கள் இன்ரர்போல் வைத்திருக்கும் தரவுத்தளத்துக்கும் போகக்கூடியவை. பழைய புத்தகத்தை வதிவிட அட்டையோடு சேர்த்துக் காட்டவேண்டிய ஒருவர், அதே புத்தகத்தைத் தொலைந்ததாக எழுதிவைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

புதுப் புத்தகம் கையில் வந்ததும்

கவுண்டரை விட்டு நகரும் முன் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை எண், பால் ஆகியவற்றைப் பழைய புத்தகத்தோடும் பிறப்புச் சான்றிதழோடும் ஒப்பிடவேண்டும். முக்கியமாகக் குடும்பப்பெயர், ஏனைய பெயர்கள் என்ற இரண்டு கட்டத்திலும் எது எதில் விழுந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். முன்னைய புத்தகத்தில் தகப்பன் பெயர் குடும்பப்பெயர் கட்டத்தில் இருந்து, புதியதில் இடம் மாறியிருந்தால் டிக்கட்டோடு பொருந்தாது. அங்கேயே சொன்னால் திருத்துவது எளிது. திருகோணமலைக்கு வந்தபின் கண்டுபிடித்தால் இன்னொரு பயணம்.

பழைய புத்தகத்தை இரத்துச் செய்து திருப்பித் தருவார்கள். அதில் நடைமுறையில் உள்ள வீசா இருந்தால், அந்தப் பக்கத்தில் வெட்டோ முத்திரையோ படாமல் பார்க்கும்படி ஒப்படைக்கும்போதே கேட்டுக்கொள்ளவேண்டும். பிறகு விமான நிறுவனத்தின் முன்பதிவில் எண்ணையும் காலாவதித் திகதியையும் மாற்றவேண்டும். முகவர் மூலம் எடுத்த டிக்கட் என்றால் அவரிடம் தரவுப் பக்கத்தின் படத்தை அனுப்பி, மாற்றியதற்கு உறுதி கேட்டு வாங்கவேண்டும்.

வைப்பது அலுமாரியில்தான் என்றால் பிளாஸ்டிக் உறை இல்லாமல், காகித உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடியிறுகும் டப்பாவில் வைக்கலாம். பொட்டலத்தை மாரி தொடங்கும் முன் வருடம் ஒருமுறை மாற்றவேண்டும். அந்துருண்டை அந்த டப்பாவுக்குள் வேண்டாம்.